உன் படத்தில் இருப்பது என் கால் இல்லை

தம்பி,

நலமா, சாப்பிட்டாயா என்றெல்லாம் கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. மத்தியானம் உன் சாப்பாட்டுத் தூக்கோடு அப்பா வரும்போது இந்தக் காகிதங்களையும் கொண்டு வருவார். தூக்கைத் திறக்கும் முன்னால் இதைப் படி என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் பசி வயிற்றோடு படித்தால் உனக்குப் பாதிகூட மண்டையில் ஏறாது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதனால் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார். வில்லாபுரத்தில் இருக்கிற அம்மா நாகமலை புதுக்கோட்டையில் இருக்கிற மகனுக்குக் கடிதம் எழுதுவதா, ஊருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்தானே என்று நீ சிரிப்பாய். சிரி. போனில் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை வாயைத் திறந்து பார்த்துவிட்டேன். "தம்பி, அந்தப் படம்..." என்று நான் இழுப்பதற்குள் நீ படத்தைப் பற்றி ஒரு பிரசங்கமே பண்ணிவிட்டு, "சரிம்மா, ஆளுக வந்துட்டாக, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. அந்த ஒரு சௌகரியத்துக்காகத்தான் எழுதுகிறேன்.

கடையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இன்றைக்கு நான் எழுந்திருக்க முடியாது. வளையல் கேட்டு வருகிறவர்களிடம், "நீயே உள்ள வந்து எடுத்துக்கத்தா, காச அந்த டப்பாவுல போட்டுரு" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே அதிகாரம் பண்ணிக்கொண்டிருக்கிறேன். ஏன் எழுந்திருக்க முடியாது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். என் கால் ஒரு இடத்தில் நிற்காது என்று உனக்குத் தெரியும். கடைக்குள்ளேயே நடந்து நடந்து சிமெண்ட் தரையைத் தேய்த்தவள் நான். உட்கார வைத்தால் எனக்கு மேலெல்லாம் எறும்பு ஊர்கிறது. அதனால் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை நீ விமானம் ஏறப் போகிறாய். பெரிய பெரிய டாக்டர்களும் விஞ்ஞானிகளும் உட்கார்ந்திருக்கிற சபையில், ஆளுயரத் திரையில் என் இடது காலின் படத்தைப் போட்டு, உன் புரோகிராம் எவ்வளவு அழகாகப் படத்தைத் தெளிய வைக்கிறது என்று பேசப் போகிறாய். போன ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டு டிவியில் அதை ஒத்திகை பார்த்தாயே, இங்கிலீஷில் ஒரு வார்த்தையும் புரியாவிட்டாலும் அப்பா எழுந்து நின்று கை தட்டினார். நான் மட்டும் அடுப்படிக்குப் போய்விட்டேன். குக்கர் விசிலை எண்ணப் போனேன் என்று நினைத்திருப்பாய். இல்லை. அந்தப் படம் தப்பு, தம்பி. அதில் கிளை கிளையாக ஓடுவது என் ரத்தம் இல்லை. நான் வைத்திருந்த மருதாணி. என் கால் பெருவிரல் கறுத்துப்போய்விட்டது. திங்கட்கிழமை என்னை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். இரண்டையும் உன்னிடம் சொல்லக் கூடாது, நீ போய்விட்டு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது அப்பாவின் கட்டளை. நான் என்றைக்கு அவர் கட்டளையைக் கேட்டிருக்கிறேன்?

பதறாதே. முழுசாகப் படி. பாதியில் போனை எடுத்தாய் என்றால் நான் எடுக்க மாட்டேன்.

உனக்கு நினைவிருக்கிறதா, இந்த வேலையில் இறங்கிய புதிதில் இதைப் பற்றி எங்களுக்கு எப்படி விளக்கினாய் என்று? சோழவந்தானில் உன் பெரிய மாமா வீட்டு முற்றத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். எங்கோ திருவிழாவுக்கு வெடி போட்டுக்கொண்டிருந்தார்கள். "இப்ப ஒரு வெடி வெடிச்சுச்சுல்ல, நம்ம வீட்டுக்கு எப்பக் கேட்டுச்சு, ஆத்தங்கரை வீட்டுக்கு எப்பக் கேட்டுச்சு, ஸ்டேஷன் வீட்டுக்கு எப்பக் கேட்டுச்சுன்னு கணக்குப் போட்டா வெடிய எங்க வச்சாகன்னு சொல்லிறலாம்" என்றாய். காலுக்குள் ஒரு நொடி வெளிச்சத்தைப் பாய்ச்சினால் ரத்தம் அதை விழுங்கிக்கொள்ளும், விழுங்கியதும் ஒரு பொட்டுச் சூடாகி விரியும், விரியும்போது நம் காதுக்குக் கேட்காத ஒரு சத்தம் போடும். சுற்றி வைத்திருக்கிற சென்சார்கள் அந்தச் சத்தத்தைப் பிடித்து, எந்த இடத்திலிருந்து வந்தது என்று கம்ப்யூட்டருக்குச் சொன்னால் அது ரத்தம் ஓடுகிற பாதையைப் படமாகக் கட்டிவிடும். ஊசி இல்லை, மருந்து இல்லை, ஒளியும் சத்தமும்தான் என்றாய். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே புரிந்தது என்றால் நீ எவ்வளவு நன்றாகச் சொல்லியிருப்பாய் பார். "ஆனா நம்மகிட்ட சென்சார் கொஞ்சந்தான் இருக்கு, அதுவும் ஒரு பக்கம் மட்டுந்தான் வைக்க முடியும். படம் கோடு கோடா, புகை மூட்டமா வருது. அதத் தெளிய வைக்கிறதுதான் ஏன் வேலை" என்று சொல்லும்போது உன் முகத்தில் இருந்த வெளிச்சம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அன்றைக்கு உன் மாமா நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லாத தன் வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு, "மாப்ள, ஒன் மிசினு கொஞ்சம் முந்தி வந்திருந்தா ஏங் காலு இருந்திருக்கும்டா" என்றார். சர்க்கரை வியாதியில் அவருக்குக் காலை எடுத்த வருஷம் நீ பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாய். லீவில் போனபோதெல்லாம் நீதான் அவருக்குக் கட்டுப் பிரித்துக் கட்டுவாய். மற்றப் பிள்ளைகள் நாற்றம் என்று ஓடுவார்கள். நீ மூக்கைக்கூடச் சுளிக்க மாட்டாய். விரலுக்கு ரத்தம் போகவில்லை என்பது விரல் கறுத்த பிறகுதான் தெரிந்தது என்று டாக்டர் சொன்னதை நீ மறக்கவே இல்லை. எத்தனையோ பேர் மூளையை, இதயத்தைப் படமெடுக்கும்போது நீ ஏன் காலைப் பிடித்துக்கொண்டாய் என்று உன் கூட்டாளிகளுக்குத் தெரியுமோ என்னவோ, எனக்குத் தெரியும். எனக்கும் சர்க்கரை வந்தபோது நீ என் முகத்தைப் பார்க்கவில்லை, குனிந்து காலைத்தான் பார்த்தாய்.

புதுச் செருப்பு கடித்து என் இடது பெருவிரலில் ஒரு கொப்புளம் வந்தது, உடைந்தது, ஆறவில்லை. வழக்கமாகப் பார்க்கிற டாக்டர், எதற்கும் ரத்த ஓட்டத்தைப் பார்த்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். பார்க்கலாம் பார்க்கலாம் என்று இருந்தேன். அதற்குள் ராத்திரியும் பகலும் பாத எரிச்சல். நெருப்பை மிதித்த மாதிரி எரியும்போது நம் ஊரில் பெண்கள் என்ன செய்வார்கள்? கொல்லையில் மருதாணிச் செடி இருக்கிறது. இலையைப் பறித்து, மை மாதிரி அரைத்து, விரலில் புண் பட்ட இடத்தை மட்டும் விட்டுவிட்டு, இரண்டு பாதத்திலும் அப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். நான் கடையில் விற்கிற கோன் மருதாணி ஊரார் பிள்ளைகளுக்கு, எனக்கு இலைதான். இதில் பெரிய அலங்காரம் ஒன்றும் இல்லை, சூட்டை இறக்குகிற வைத்தியம். அப்பியது காய்வதற்குள் உள் அறையில் போன் அடித்தது. நீதான் என்று தெரியும், உனக்கென்று தனிப் பாட்டு வைத்திருக்கிறேனே. வலது காலைத் தூக்கிக்கொண்டு, இடது காலின் முன்பாதத்தை மட்டும் ஊன்றித் தத்தித் தத்தி ஓடினேன். "அம்மா, மிசின் ரெடி. நாளைக்கு வா, ஒன் காலத்தான் மொதல்ல எடுக்கணும்" என்றாய். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் டைல்ஸ் தரையெல்லாம் பச்சைப் பச்சையாக அச்சு. அப்பா துடைத்தபடியே, "லச்சுமி வந்து போன மாதிரியில்ல இருக்கு" என்று கேலி பண்ணினார். காலைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டாவது விரலுக்குக் கீழே, மேடான இடத்தில் ஒரு வட்டம் அப்படியே உரிந்து போயிருந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் கழுவியபோது பாதம் முழுக்கக் கருஞ்சிவப்பு, அந்த ஒரு வட்டம் மட்டும் வெளுப்பு.

அன்றைக்கே உங்கள் கட்டடத்துக்கு வந்தோம். நீங்கள் ஐந்தாறு பயல்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்த இடம், ஒயர்களும் டீக் கப்புகளுமாக. என் கண்ணுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி போட்டுவிட்டாய். "கண் ஆபரேசன் பண்ணுன கிழவி மாதிரி இருக்கா" என்று அப்பா சிரித்தார். ரெட்டை ஜடை போட்ட காலத்திலிருந்து அவருக்கு நான் கிழவிதான். தண்ணீர் நிறைந்த தட்டின் மேல் காலை வைக்கச் சொன்னாய். "கால நல்லாக் கழுவிட்டயாம்மா?" என்று கேட்டாய். "கழுவாமயா வருவேன், ஒன் இடத்துக்கு?" என்றேன். நீயே ஒரு ஈரத்துணியால் பாதத்தை இன்னொரு தடவை துடைத்துவிட்டாய். அந்தச் சிவப்பை உன் கையாலேயே துடைத்தாய், தம்பி. பச்சை வெளிச்சம் டக் டக்கென்று அடித்தது. முதலில் பழைய முறையில் படம் வந்தது. தோல் ஓரமாகத் தடித்த ஒரு பட்டை, அதற்குள்ளே புகை. "பாத்தியா, இதான் இம்புட்டு நாளா வந்துக்கிட்டிருந்துச்சு. இப்ப ஏன் புரோகிராமப் பாரு" என்று ஒரு பொத்தானைத் தட்டினாய். புகை போய்விட்டது. பட்டை போய்விட்டது. பாதம் முழுக்க மெல்லிசாக, கிளை கிளையாக ரத்தக் குழாய்கள். அந்த அழகைப் பார்த்து எனக்கே புல்லரித்தது.

அதில் ஒரு இடத்தை விரலால் தொட்டுக் காட்டினாய். இரண்டாவது விரலுக்குக் கீழே ஒரு வெற்று வட்டம், அதைச் சுற்றிக்கொண்டு குழாய்கள் ஓடுகின்றன. "பாரும்மா, இங்க அடைச்சிருக்கு. ஆனா ரத்தம் நிக்கல. சுத்திப் புது வழி கண்டுபிடிச்சுப் போகுது. ஒன் ஒடம்பு அம்புட்டு கெட்டி. புண்ணு தன்னால ஆறிரும்" என்றாய். உன் கூட்டாளிகள் எல்லோரும் ஓடி வந்து பார்த்தார்கள். ஒருவன் உன் முதுகில் தட்டினான். எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது? மாமாவின் கால் மாதிரி என் கால் போகாது என்று என் பிள்ளை படம் போட்டுக் காட்டிவிட்டான். வீட்டுக்கு வரும் வழியில் அப்பாவை வண்டியை நிறுத்தச் சொல்லி ஜிகர்தண்டா குடித்தேன், சர்க்கரை வியாதிக்காரி. அந்தப் படத்தை என் போனில் முகப்புப் படமாக வைத்துக்கொண்டு, சேஃப்டி பின் வாங்க வந்தவளிடம்கூட, "இதென்னன்னு தெரியுதா? ஏங் காலு, ஏம் மகன் எடுத்தான்" என்று காட்டிக்கொண்டிருந்தேன். டாக்டர் எழுதிக் கொடுத்த சோதனையை அத்தோடு மறந்தேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை, எனக்கே தேவைப்படவில்லை. பயந்துகொண்டிருந்தவளுக்கு, பயப்படாதே என்று ஒரு படம் கிடைத்தால் அதை விட்டு வெளியே வருவாளா?

மறுபடி ஒருநாள் கூப்பிட்டாயே, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு படம் வேண்டும் என்று. அதற்குள் மருதாணி சுத்தமாக மங்கிப்போயிருந்தது. அன்றைக்குப் படம் சரியாகவே வரவில்லை. அங்கே ஒரு நூல், இங்கே ஒரு நூல், பெருவிரல் பக்கம் ஒன்றுமே இல்லை, இருட்டு. நீ முகத்தைச் சுளித்தாய். தட்டில் தண்ணீர் மாற்றினாய், ஒயரைப் பிடுங்கிச் சொருகினாய். "சென்சார்ல ஏதோ கோளாறும்மா. போன தடவ அம்புட்டு அழகா வந்துச்சு. இத விட்டுருவோம்" என்று அழித்துவிட்டாய். "புண்ணு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டாய். கட்டுப் போட்டிருந்தேன். "ஆறிக்கிட்டு வருது" என்றேன். ஆறுவதாகத்தான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன், உன் படத்தை நம்பி. அன்றைக்குத்தான் உன் மெஷின் உண்மையைச் சொல்லியிருக்கிறது, அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து அதன் வாயை அடைத்துவிட்டோம்.

விரல் நுனி நிறம் மாறியதைப் பார்த்து அப்பாதான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே ஒரு பெண் டாக்டர், உன்னைவிட ரெண்டு மூணு வயசு பெரியவளாக இருப்பாள். பேனா மாதிரி ஒன்றை என் புறங்காலில் வைத்து அழுத்தினாள். வலது காலில் வைத்தபோது அந்தப் பெட்டியிலிருந்து உஷ் உஷ் என்று நாடி ஓடுகிற சத்தம் வந்தது. இடது காலில் எங்கே வைத்தாலும் சத்தமே வரவில்லை. "என்னம்மா, இம்புட்டு நாள் கழிச்சு வாரீங்க? புண்ணு வந்து எவ்வளவு நாளாச்சு?" என்று கோபப்பட்டாள். எனக்கும் கோபம் வந்துவிட்டது. போனை எடுத்து நீட்டினேன். "ரத்தம் நல்லாத்தான் ஓடுது டாக்டர். இந்தா படம் இருக்குல்ல" என்றேன். அவள் படத்தைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். "இது யார் காலும்மா?" என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். அடைப்பைத் திறந்து பார்ப்பார்களாம், பாதத்தைக் காப்பாற்ற நிச்சயம் முயற்சி செய்வார்களாம், விரலுக்கு மட்டும் வாக்குக் கொடுக்க முடியாதாம்.

வீட்டுக்கு வந்து அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இது யார் கால், இது யார் கால் என்று அந்தப் பெண்ணின் குரல் காதுக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. நீ சொன்ன புதுவழி வட்டத்தில் கண் நின்றது. இரண்டாவது விரலுக்குக் கீழே, மேட்டில். அப்பா துடைத்த தரை ஞாபகம் வந்தது. அந்த வட்டம் எனக்குத் தெரியும், தம்பி. போனை எடுக்க ஓடியபோது டைல்ஸில் ஒட்டிக்கொண்டு போன மருதாணிதான் அது. நீ அடைப்பு என்றது மருதாணி இல்லாத இடம். சுற்றி ஓடுகிற ரத்தம் என்றது மருதாணி இருந்த இடம். சிவப்புச் சாயம் உன் பச்சை வெளிச்சத்தை விழுங்கிவிட்டுச் சத்தம் போட்டிருக்கிறது. பழைய படத்தில் தோல் ஓரமாகத் தடித்த பட்டையாக வந்ததே, அது அதன் கூச்சல்தான். உன் புரோகிராம் அதைக் கேட்டு, சத்தம் வந்தால் குழாய்தான் இருக்கும் என்று கிளை கிளையாக வரைந்துவிட்டது. நான் சொல்வது விஞ்ஞானப்படி சரியா என்று எனக்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவன் நீ. ஆனால் அந்த வட்டம் என்னுடையது, அது எனக்குத் தெரியும்.

உன் மேல் கோபம் இல்லை என்று எழுதினால் அது சுத்தப் பொய். இருக்கிறது. ரெண்டு நாளாக உன்னைத் திட்டிக்கொண்டேதான் சோறு பொங்குகிறேன். எருமை, எருமை, கையில் துணியை வைத்துக்கொண்டு அந்தப் பாதத்தைத் துடைத்தாயே, இது என்னம்மா சிவப்பு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன? ஆனால் திட்டி முடித்ததும் எனக்கே ஒன்று தோன்றும். நீ ஏன் கேட்பாய்? பிறந்ததிலிருந்து அம்மாவின் பாதம் என்றால் உனக்குச் சிவப்புதான். என் காலில் படுத்துக் குளித்த பிள்ளை நீ. வேறு ஊர்க்காரன் ஒருவன் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தால் பார்த்தவுடனே இதென்ன என்று கேட்டிருப்பான். உனக்கு அது கேள்வியாகவே படவில்லை. எனக்கும் சொல்லவேண்டிய சங்கதியாகப் படவில்லை. இன்னொன்றும் சொல்கிறேன், கேட்டுக்கொள். உன் புரோகிராமுக்குப் பழக்கிக் கொடுக்க ஆயிரக்கணக்கில் படம் எடுத்தோம் என்றாயே, யார் காலை எடுத்தீர்கள்? உங்கள் கால்களைத்தானே? அந்தக் கட்டடத்தில் ஒரு பொம்பளைப் பிள்ளைகூட இல்லை. அது பாவம், மருதாணி வைத்த காலை இதற்கு முன்னால் எங்கே பார்த்திருக்கும்?

உன் அத்தை கல்யாண போட்டோ நம் வீட்டில் மாட்டியிருக்கிறதே, அதை நீ சின்ன வயதில் சுவரைப் பார்க்கத் திருப்பி வைப்பாய், ஞாபகம் இருக்கிறதா? அப்பாவின் அப்பா கல்யாணத்துக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். ஸ்டூடியோக்காரரிடம் அவருடைய பழைய போட்டோவைக் கொடுத்து, குடும்பத்தோடு நிற்கிற மாதிரி சேர்த்து வாங்கினோம். எல்லோரும் செய்கிறதுதான். ஸ்டூடியோக்காரரும் அச்சு அசலாக வேலை பார்த்திருந்தார், தாத்தாவுக்குப் பட்டு வேட்டிகூடக் கட்டிவிட்டிருந்தார். வந்தவர்கள் எல்லாம் கண்ணீர் விட்டார்கள். நீ மட்டும் சுவர் ஓரமாக நாற்காலி போட்டு ஏறி நின்று உற்றுப் பார்த்துவிட்டு, "தாத்தாவுக்குக் காலு எங்க?" என்று கேட்டாய். பார்த்தால் நிஜமாகவே இல்லை. முன்வரிசை நாற்காலிகளுக்குப் பின்னால் அவரை நிறுத்திவிட்டார்கள், ஓரத்தில் தெரிய வேண்டிய பாதம் தெரியவில்லை. "செத்துப்போன தாத்தா எப்படிக் கல்யாணத்துக்கு வந்தாரு? பொய் போட்டோ" என்று அழுது, அன்றைக்கு முழுக்கச் சாப்பிட மாட்டேன் என்றாய். அப்பா அடிக்கக் கை ஓங்கினார், நான் நடுவில் வந்தேன். அந்தப் பிள்ளையை நினைத்துத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். இல்லாததைச் சேர்த்து அழகாக்கிய ஒரு படத்தைப் பார்த்துக் காலு எங்கே என்று கேட்டவன், இன்றைக்குத் தன் படத்தைப் பார்த்து ஏன் கேட்கவில்லை?

இடையில் ஒருத்தி வந்து ஒரு டஜன் கண்ணாடி வளையலை இறைத்துப்போட்டுவிட்டு ஒன்றும் வாங்காமல் போகிறாள். எழுந்து அடுக்கி வைக்கக்கூட முடியவில்லை. எரிச்சலாக வருகிறது.

அப்பாவுக்கும் எனக்கும் இரண்டு நாளாகச் சண்டை. "போயிட்டு வரட்டுமே. எம்புட்டு ஒழச்சிருக்கான். இப்பப் போயி இதச் சொன்னா அவன் டிக்கெட்டக் கிழிச்சுப் போட்டுட்டு ஒன் கால்மாட்டுல வந்து ஒக்காந்துருவான்" என்கிறார். அவர் சொல்வதும் நடக்கக் கூடியதுதான். நீ கால்மாட்டில் வந்து உட்கார்ந்து அழுதால் எனக்கு ஆறுதலாக இருக்கும், மறைப்பானேன். தாய் மனசு அப்படித்தான் கேட்கிறது. "அவன் வந்தப்புறம் சொல்லிக்கலாம்" என்று அவர் சொன்னதற்கு நானும் ஒருநாள் முழுக்கத் தலையாட்டினேன். ஆனால் நேற்று சாயங்காலம் கடைக்கு ஒரு அம்மாள் வந்தார். பேத்திக்கு வளைகாப்பு, வளையல் வாங்க வந்தார். ரெண்டு பாதமும் செக்கச்செவேல் என்று இருந்தது. "எரிச்சல் தாங்கலத்தா, சுகரு. அதான் வச்சிருக்கேன்" என்றார். என் போனில் இருந்த படத்தை இதே அம்மாளிடம்தான் ஒரு மாசத்துக்கு முன்னால் காட்டியிருக்கிறேன். "ஒம் மகன் மிசினு எப்ப ஆசுபத்திரிக்கு வரும்? வந்தா நாந்தான் மொத ஆளு" என்றார். எனக்கு அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. அந்தச் சபையில் நீ படத்தைக் காட்டி, அவர்கள் கை தட்டி, மெஷின் ஊர் ஊராகப் போய், மருதாணி வைத்த ஒவ்வொரு காலுக்கும் ரத்தம் நல்லா ஓடுது, வீட்டுக்குப் போ என்று சொல்லி அனுப்பினால்? என் விரல் போவது என்னோடு போகட்டும். அந்த அம்மாளின் காலுக்கு யார் பதில் சொல்வது? இதைக் கேட்டதும் அப்பா கொல்லைக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கை நிறைய மருதாணி இலையைப் பறித்துக்கொண்டு வந்து அம்மிப் பக்கத்தில் வைத்துவிட்டு, "சரி, நானே கொண்டுபோயிக் குடுக்குறேன்" என்றார்.

அதனால்தான் இன்றைக்கு நான் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன். காலையிலேயே அரைத்து என் வலது பாதம் முழுக்க அப்பியிருக்கிறேன், ஸ்டூலின் மேல் நீட்டி வைத்திருக்கிறேன். புண் இல்லாத கால், நாடி உஷ் உஷ் என்று ஓடுகிற கால். அதில் இரண்டாவது விரலுக்குக் கீழே, மேட்டில், ஒரு வட்டத்தை மட்டும் விரலால் வழித்து எடுத்துவிட்டேன். இடது காலில் ஒன்றும் வைக்கவில்லை. நாளைக் காலையில் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு வருவார். இரண்டு காலையும் படம் எடு. நல்ல காலிலும் அந்த வட்டத்தைச் சுற்றி ரத்தம் புதுவழி போகிறது என்று உன் புரோகிராம் சொன்னால், உனக்கே விளங்கிவிடும். சொல்லாவிட்டால் அம்மா ஒரு பைத்தியக்காரி, ஆசுபத்திரி பயத்தில் உளறினாள் என்று வைத்துக்கொள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். அப்படி இருந்தால் எனக்கு அதைவிட என்ன சந்தோஷம்?

படம் என் பக்கம் பேசினால் நீ டிக்கெட்டைக் கிழிக்கக் கூடாது. அது என் கட்டளை, அப்பாவுடையது மாதிரி இல்லை, இதைக் கேட்டே ஆகவேண்டும். சனிக்கிழமை ஏறு. அந்தத் திரையில் மூன்று படத்தையும் போடு, அன்றைக்கு நீ பார்த்துச் சந்தோஷப்பட்டதையும் நாளைக்கு எடுக்கப் போகிற இரண்டையும். அடியில் என் நிஜப் பாதத்தைச் சாதாரணப் போனில் எடுத்து, சிவப்பாகவே போடு. கை தட்ட மாட்டார்கள், போகட்டும். அவமானமாக இருக்கும், எனக்குத் தெரியும். உன் வயசில் எனக்கும் நாலு பேர் முன்னால் தலை குனிவதென்றால் செத்துப்போகலாம் போல இருக்கும். ஆனால் எழுந்து கேள்வி கேட்கிறவர்களில் ஒருத்தராவது உனக்கு வழி சொல்வார்கள், இந்தச் சத்தம் சாயத்திலிருந்து வருகிறதா ரத்தத்திலிருந்து வருகிறதா என்று பிரித்துக் கேட்க. அதைக் கற்றுக்கொண்டு வா. திங்கட்கிழமை எனக்குப் பக்கத்தில் அப்பா இருப்பார், உன் மாமா வருகிறேன் என்றிருக்கிறார். விரல் இருந்தாலும் போனாலும் நீ திரும்பி வரும்போது வாசலில் நான்தான் நிற்பேன்.

நாளைக்கு நான் வந்ததும் வழக்கம்போல ஓடிப் போய்க் கம்ப்யூட்டரைத் தட்டாதே. லைட்டைப் போட்டு, கீழே உட்கார்ந்து, என் ரெண்டு பாதத்தையும் கையில் எடுத்து, முதல் தடவையாகப் பார்க்கிறவன் மாதிரி பார். இதென்னம்மா என்று கேள். சொல்கிறேன். அதற்கப்புறம் மெஷினைப் போடு.

அம்மா